வெள்ளத்தில் போன ரேஷன் சரக்கு: ஒரு கடையின் கோப்பு

வெள்ளம் புகுந்து வடிந்த ஒரு ரேஷன் கடையில், புத்தக இருப்பைவிட 173 கிலோ அரிசி அதிகமாக இருந்ததாக ஒரு மகஜர், அதாவது நேரில் பார்த்து எழுதிக் கையெழுத்திட்ட பதிவு, சொல்கிறது. தேதி 2023 டிசம்பர் 23. கீழே நான்கு பேர் கையெழுத்து. அதே மகஜரில் அடுத்த வரி: சீனி 550 கிலோ குறைவு.

அந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படிக்கிற எந்தத் தணிக்கையாளரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார். கார்டுதாரருக்குக் கொடுக்காமலே பில் போட்டு அரிசியைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், சீனியை வெளியே விற்றிருக்கிறார்கள். தணிக்கையும் அப்படித்தான் எழுதியது. அந்தக் கடையின் விற்பனையாளர், நாற்பது வயதுப் பெண், தன் பத்து மாதச் சம்பளத்துக்கு மேலான தொகையைக் கட்டச் சொல்லும் அறிவிப்போடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் கூட்டுறவு சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கோப்பின் ஒவ்வொரு தாளும் என் கை வழியாகப் போனது. ஊரையும் சங்கத்தையும் ஆட்களையும் பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நடைமுறை எங்கே சறுக்கியது என்று தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கடை இருக்கும் ஊர் திருநெல்வேலிப் பக்கம், பாளையங்கால்வாய்க்கும் தாமிரபரணிக்கும் நடுவில். டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. காலையிலிருந்து கொட்டிய மழை எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ-ஐத் தாண்டிய மழை அது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோன இரவு அது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள்கூட இந்த முறை தட்டுமுட்டுச் சாமானை எடுத்து வைக்க நேரம் கிடைக்கவில்லை என்றார்கள். கடைக்குள் ஐந்தடிக்குத் தண்ணீர் ஏறியது. ஆற்றுப் பக்கம் இருந்த கதவு பிய்ந்து விழுந்தது.

தண்ணீர் வடிந்து விற்பனையாளர் கடைக்குப் போனது 20ஆம் தேதி காலை. செல்போன் டவர் அன்றைக்குத்தான் உயிர் வந்திருந்தது. எனக்குப் போன் செய்தார்.

"சார், சீனி இருந்த இடத்துல வெறுஞ்சாக்குதான் கிடக்கு. என்னத்த எடுத்துக் காட்ட?"

"அந்தச் சாக்குதாம்மா சீனி. ஒண்ணக்கூடத் தூக்கிப் போட்றாதீங்க" என்றேன்.

பின்னால் அவரைக் காப்பாற்றியதில் பாதி, அந்தப் பதினொரு சாக்குகள்.

பொதுச்சொத்து வெள்ளத்தில் போனால் நடைமுறை என்ன என்று கேட்பவர்கள், முதலில் யாருடைய சொத்து என்று கேட்க வேண்டும். இந்தக் கடையில் ஒரே கூரைக்கு அடியில் மூன்று பேருடைய சொத்து இருந்தது. கட்டடம் ஊராட்சிக்குச் சொந்தம். பில் போடும் பிஓஎஸ் கருவி உணவுப் பொருள் வழங்கல் துறை கொடுத்தது. சரக்கு, நுகர்பொருள் வாணிபக் கழகக் கிட்டங்கியிலிருந்து தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பொறுப்பில் வந்து இறங்கியது. மூன்றுக்கும் மூன்று பாதை. கட்டடச் சேதத்தை ஊராட்சி எழுதிக் கொடுத்து, ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட்டு, வட்டாரத்திலிருந்து மாவட்டத்துக்குப் போக வேண்டும். ஊராட்சியின் பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய மாநிலப் பேரிடர் நிதியின் விதிகளில் இடம் இருக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு அந்த நிதியில் மத்திய அரசு 75, மாநில அரசு 25 என்று பங்கு. கருவிக்கு வட்ட வழங்கல் அலுவலரிடம் தனிக் கடிதம். அவை இரண்டும் பெரிய வம்பில்லாமல் நகர்ந்தன. வம்பு முழுக்கச் சரக்கில்.

(மத்திய அரசு அலுவலகமாக இருந்தால் பாதை வேறு. 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகளின் 33ஆம் விதிப்படி, எந்தக் காரணத்தால் இழப்பு வந்தாலும் மேலதிகாரிக்கும் தணிக்கைக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வெள்ளம், தீ, புயலில் 50,000 ரூபாய்க்கு மேல் போன கட்டடம் போன்ற அசையாச் சொத்தை 35ஆம் விதிப்படி அரசுக்கே தெரிவிக்க வேண்டும். மாநில, கூட்டுறவு அமைப்புகளுக்கு இந்த எண்கள் பொருந்தாது. ஆனால் முதல் வேலை எங்கும் ஒன்றுதான்: இழப்பு தெரிந்த அன்றைக்கே எழுத்தில் தெரிவிப்பது.)

அந்த முதல் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். 20ஆம் தேதி மதியம், மகன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில், சங்கச் செயலாளருக்கு ஒரு கடிதம். கடைக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம், கதவு எப்படிக் கிடக்கிறது, கண்ணால் பார்த்த அளவில் எத்தனை மூடை இருக்கிறது, எதையும் நகர்த்தவில்லை, வந்து பார்வையிடவும். கார்பன் தாள் கிடைக்கவில்லை. மூன்று முறை கையால் எழுதினார். ஒன்று செயலாளருக்கு, ஒன்று வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு, ஒன்றில் கிராம நிர்வாக அலுவலரிடம் தேதியோடு கையெழுத்து. சங்க அலுவலகத்தில் கொடுத்த கடிதம் தபால் பதிவேட்டில் ஏறவே இல்லை. அங்கேயும் தண்ணீர் புகுந்து ஒரே கலவரமாக இருந்த நேரம். யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு மாதம் கழித்து, "விற்பனையாளர் உரிய நேரத்தில் தகவல் தரவில்லை" என்று அதே சங்கத்திலிருந்து எழுத்தில் வந்தபோது, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து இருந்த அந்த ஒற்றைத் தாள் இல்லையென்றால் நாங்கள் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

மகன் போனில் படம் எடுத்திருந்தான். சுவரில் சேற்றுக் கோடு, அதன் பக்கத்தில் அளவு நாடா, சரிந்து கிடந்த மூடை அடுக்கு, கதவு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் முதலான விவரங்கள் போய்விடும். மூலப் படத்தை அந்தப் போனிலேயே வைத்திருக்கச் சொன்னேன். வைத்திருந்தான்.

இனி, கடையில் என்ன இருக்க வேண்டும் என்ற கணக்கு. இருப்புப் பதிவேடு கூழாகிவிட்டது. பிஓஎஸ் கருவியும் போயிற்று. ஆனால் ஒவ்வொரு பில்லும் சர்வரில் ஏறியிருக்கும். 16ஆம் தேதி கடைசிப் பில்லுக்குப் பிறகு சர்வர் காட்டிய இருப்பு: அரிசி 86 மூடை, சீனி 11 மூடை, துவரம்பருப்பு 6 மூடை, கோதுமை 4 மூடை, பாமாயில் 430 பாக்கெட். மூலப் பதிவேடு அழிந்துபோனால் அதன் உள்ளடக்கத்தை வேறு சான்றால் காட்டலாம் என்பது அப்போது நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 60ஆம் பிரிவு அதையே சொல்கிறது. துறை விசாரணையில் சாட்சியச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் பிடிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கோப்பு நாளைக்கு நீதிமன்றம் ஏறும் என்று நினைத்தே தாள் சேர்க்க வேண்டும்.

23ஆம் தேதி கூட்டுத் தணிக்கை. வந்தவர்கள் நல்லவர்கள்தான். அன்றைக்கு அவர்களுக்கு அது எத்தனையாவது கடையோ. கடைக்குள் நிற்க முடியாத நாற்றம். அரிசி ஊறி, சூடேறி, சாக்குத் தையல் பிரிந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பு. ஐந்து மூடைகளை எடை போட்டார்கள். சராசரி 63 கிலோ வந்தது. உள்ளே கிடந்த 71 மூடைகளோடு பெருக்கி 4,473 கிலோ என்று எழுதினார்கள். புத்தக இருப்பு 86 மூடை, 4,300 கிலோ. ஆக, 173 கிலோ அதிகம்!

ஊறிய அரிசி தண்ணீரையும் சேர்த்துத்தான் எடை காட்டும். வீட்டில் இட்லிக்கு ஊறப்போடுகிற யாருக்கும் தெரியும். ஆனால் மகஜர் படிவத்தில் "எடை" என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினார்கள். மூடை எண்ணிக்கைக்குக் கட்டம் இல்லை. வெள்ளத்தில் நனைந்த தானியத்தை எண்ணத்தான் வேண்டும், எடை போடக் கூடாது. சீனிக்கோ எடையே கிடையாது. கரைந்து போன சீனிக்கு மிச்சம், மேலே பிசுபிசுப்பும் உள்ளே சேறுமாக அந்தப் பதினொரு சாக்கு. ரேஷன் கடையில் காலிச் சாக்குக்கும் கணக்கு உண்டு. பழைய சாக்குகளைத் திருப்பி அனுப்பிய சீட்டு சங்கத்தில் இருக்கும். ஆகவே கடையில் கிடந்த சீனிச் சாக்கு அந்த மாதம் வந்த சாக்குதான் என்று நிறுவ முடிந்தது.

பிறகு இன்சூரன்ஸ். தீ மற்றும் சிறப்பு இடர் பாலிசியில் புயல், வெள்ளம் அடங்கும். இழப்பு நடந்த உடனே தகவல் தர வேண்டும், 15 நாளுக்குள் எழுத்தில் கோரிக்கை வைக்க வேண்டும். சர்வேயர் வந்து பார்க்கும்வரை சரக்கை அகற்றக் கூடாது. அதே நேரம், அழுகிய அரிசியை உடனே அப்புறப்படுத்து என்று சுகாதார ஆய்வாளர் நிற்கிறார்; பக்கத்தில் அங்கன்வாடி. இரண்டு பேரும் சொல்வது சரி. இப்படி மாட்டிக்கொண்டால் செய்யக்கூடியது ஒன்றுண்டு: எண்ணி, படம் எடுத்து, ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்து முத்திரை வைத்து, அகற்றச் சொன்னதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அகற்றுவது. அப்படியே செய்தார்கள். ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, பிளீச்சிங் பவுடர் தூவி மூடினார்கள். "மாட்டுக்காவது போடக் குடுங்க" என்று ஊரில் கேட்டார்கள். கொடுத்திருந்தால் அது அத்தியாவசியப் பொருளைத் திசைதிருப்பிய குற்றமாக அவர் தலையில் விடிந்திருக்கும். நனைந்த தானியம் தீவனத்துக்கு ஆகுமா, உரத்துக்கா, குழிக்கா என்பதைத் தரம் பார்த்துத் துறை முடிவு செய்ய வேண்டும், விற்பனையாளர் அல்ல.

இவ்வளவும் செய்த பிறகு பாலிசியைப் பார்த்தால், அட்டவணையில் சங்கத்தின் தலைமைக் கிட்டங்கி மட்டும்தான் இருந்தது. இந்தக் கடையின் முகவரி இல்லை. ஒரு பைசா வரவில்லை.

டிசம்பர் கடைசியில் அதே ஊர்க்காரர்களுக்கு வெள்ள நிவாரணம் 6,000 ரூபாயை டோக்கன் பார்த்துக் கொடுத்தவரும் அவரேதான், வேறொரு கட்டடத்தில் உட்கார்ந்து. அவர் வீட்டுச் சுவரே இடிந்து கிடந்தது. இதை வழக்கில் எங்கும் எழுதவில்லை. இங்கே எழுதாமல் விட மனம் வரவில்லை.

2024 கோடையில் தணிக்கை அறிக்கை வந்தது. பிறகு கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1983-இன் 81ஆம் பிரிவில் விசாரணை, அதன் மேல் 87ஆம் பிரிவில் தண்டத்தீர்வை அறிவிப்பு, அதாவது இழப்பை அவரிடமே வசூலிக்க. அரிசி அதிகம், மற்ற எல்லாம் குறைவு, காரணம் விற்பனையாளர்.

முதலில் மகஜர் நகல் வேண்டும். சங்கத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பிரயோசனமில்லை. கூட்டுறவுச் சங்கம் என்பதாலேயே அது பொது அதிகார அமைப்பு ஆகிவிடாது என்று 2013-இல் தலப்பாலம் சர்வீஸ் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பதிவாளர் தரப்பு அலுவலகமும் வட்ட வழங்கல் அலுவலகமும் பொது அதிகார அமைப்புதான். அங்கே மனுப் போட்டோம். 30 நாளுக்குள் நகல் வந்தது. அப்போதுதான் அந்த 173 கிலோவை நான் பார்த்தேன்.

பார்த்த அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு இப்படி: புத்தகத்தில் 86 மூடை. கடைக்குள் 71. பக்கத்து வாழைத்தோட்டத்தில் சேற்றில் ஒதுங்கிக் கிடந்தது 6. மீதி 9 மூடையைக் காணோம். தண்ணீர் எடை அந்த ஒன்பதையும் மூடி மறைத்திருந்தது. மகஜரின் எடை தப்பு என்று நாங்கள் வாதாடினால், "அப்படியானால் ஒன்பது மூடை எங்கே" என்று அடுத்த கேள்வி வரும். வாதாடாமல் விட்டால், பில் போட்டு ஏமாற்றியவர் என்ற பெயர் நிற்கும்.

"சார், நாமளே போய் ஒம்பது மூடையக் காணோம்னு சொல்லணுமா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. நாம சொன்னாத்தான் அது வெள்ளம். அவங்க கண்டுபிடிச்சா திருட்டு" என்றேன்.

அழுதார். பிறகு சரி என்றார்.

இன்னொன்றும் இருந்தது. கோதுமை 4 மூடை என்று சர்வர் சொன்னது, ஆனால் வெள்ளத்துக்கு முன்பே இரண்டுதான் இருந்தது. பழைய குறைவு, எலி, சிந்தல், எடைக் குறைவாய் வந்து இறங்கியது என்று பல மாதமாகச் சேர்ந்தது. அதையும் வெள்ளத்தோடு சேர்த்து எழுதச் சொல்லி அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 52ஆம் பிரிவு, பேரிடரைக் காட்டி உதவியோ பயனோ பெறத் தெரிந்தே பொய்க் கோரிக்கை வைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. அந்தப் பிரிவு ரேஷன் கடை இருப்புக் குறைவுக்கு நேராகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. ஒரு பொய் கலந்தால் மீதி உண்மை அத்தனையும் செல்லாமல் போகும். அந்த இரண்டு மூடைக்கு உரிய தொகையை, பதில் கொடுக்கும் முன்பே, அவர் சங்கத்தில் கட்டி ரசீது வாங்கினார்.

பதிலின் மையம் ஒரே சொல். 87ஆம் பிரிவில் சங்கத்தின் சொத்துக்குக் குறைவு ஏற்படுத்தியதற்காக ஒருவரிடம் வசூலிக்க வேண்டுமானால் நம்பிக்கை மோசடி இருக்க வேண்டும், அல்லது "வேண்டுமென்றே செய்த அசட்டை" இருக்க வேண்டும். வெறும் அசட்டை போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. விடுமுறை நாள், பூட்டிய கடை, ஐந்தடி வெள்ளம். எந்த அசட்டை? துணையாக, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 151, 152 பிரிவுகளையும் சேர்த்தேன்: ஒப்படைக்கப்பட்ட பொருளைச் சாதாரண விவேகம் உள்ள மனிதர் தன் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டவர், அதன் பிறகும் நேர்ந்த இழப்புக்குப் பொறுப்பல்ல.

ஒன்பது மூடைக்கு மூன்று தாள். கதவு பிய்ந்த படம். ஆறு மூடை வாழைத்தோட்டத்தில் ஒதுங்கியதாகவும் நீரோட்டம் அந்தத் திசையில் இருந்ததாகவும் கிராம நிர்வாக அலுவலர் தந்த சான்று. 21ஆம் தேதி காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது. வெள்ளம் குற்றமல்ல, அதற்கு முதல் தகவல் அறிக்கை போட மாட்டார்கள். ஆனால் கதவு உடைந்து இரண்டு நாள் கடை திறந்து கிடந்திருக்கிறது. யாராவது தூக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதை அப்போதே பதிய வேண்டும். "திருட்டுன்னு எழுதினா நமக்குத்தான் தொந்தரவு" என்று செயலாளர் தடுத்திருக்கிறார். விற்பனையாளர் அதைக் கேட்காமல் போய் எழுதிக் கொடுத்தார். "அடித்துச் செல்லப்பட்டதா, எடுத்துச் செல்லப்பட்டதா தெரியவில்லை" என்று அந்த மனுவில் இருந்த ஒரு வரியை விசாரணை அதிகாரி இரண்டு முறை படித்தார். நேர்மையான வரிக்கு இருக்கும் கனம் அது.

விசாரணையில் ஒரு கிளைக் கதையும் எழுந்தது. மேல ஊர்க்காரர்கள் இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையை வெட்டியதால்தான் தண்ணீர் இப்படி வந்தது என்று சிலர் சாட்சி சொன்னார்கள். உண்மையானால் அது பெரிய குற்றம். 1984ஆம் ஆண்டு பொதுச்சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை தண்டனை. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவும் பாசன வேலைகளைச் சேதப்படுத்துவதைத் தண்டிக்கிறது. ஆனால் அந்தப் புகாரைக் கொடுக்க வேண்டியது கரைக்கு உரிய நீர்வளத் துறை. கரையை மனிதன் வெட்டினானா மழை உடைத்ததா என்பது, பூட்டிய கடைக்கு வெளியே இருந்த ஒரு விற்பனையாளரின் பொறுப்பை எந்த வகையிலும் மாற்றாது. அதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்தோம்.

நேர்முக விசாரணைக்கு அந்தப் பதினொரு சாக்குகளையும் ஒரு கட்டாகக் கட்டி எடுத்துப் போயிருந்தார். அவிழ்த்து மேசை மேல் வைத்ததும், மாதங்கள் கழிந்தும், வெல்லப்பாகும் சேறும் கலந்த மாதிரி ஒரு வாடை அறை முழுக்கப் பரவியது. விசாரணை அதிகாரி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாக எண்ணினார்.

உத்தரவு 2024 கடைசியில் வந்தது. சீனி, பருப்பு, பாமாயில், அரிசி எல்லாம் வெள்ள இழப்பு, தண்டத்தீர்வை கைவிடப்படுகிறது. அரிசியின் எடையைத் திருத்தி, 86 மூடையும் இழப்பு என்று பதிவு. கோதுமை இரண்டு மூடை கட்டியாகிவிட்டது. பாதகமாக வந்திருந்தால் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 152ஆம் பிரிவில் கூட்டுறவுத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது மாவட்ட நீதிபதிக்கு, மேல்முறையீடு. அதற்கும் மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அந்த வக்காலத்துத் தாளை எழுதியே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

ஆனால் தண்டத்தீர்வையைக் கைவிட்டதோடு கணக்கு தீர்ந்துவிடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொறுப்பு இல்லை என்று சொன்னாலும், சங்கப் புத்தகத்தில் அந்தச் சரக்கு இன்னும் இருப்பாகவே நிற்கும். சங்கத்தை நிர்வகிக்கும் செயலாட்சியர் தீர்மானம் போட்டு, பதிவாளர் தரப்பின் ஒப்புதலோடு தள்ளுபடி செய்தால்தான் இறங்கும். அதுவரை ஒவ்வொரு ஆண்டுத் தணிக்கையிலும் அவர் பெயருக்கு எதிரே அந்த வரி வந்துகொண்டே இருக்கும். பணி உயர்வு, பணிக்கொடை எல்லாவற்றையும் அது தடுக்கும். தள்ளுபடி ஒப்புதலுக்கு நாங்கள் மூன்று நினைவூட்டல் அனுப்பினோம். விசாரணையில் வாங்கிய உத்தரவைவிட இந்தத் தாளுக்குத்தான் அதிகம் நடந்தோம்.

சங்கத்தின் புதிய பாலிசி அட்டவணையில் அந்தக் கடையின் கதவு எண் ஏறியிருக்கிறது. நானே வாங்கிப் பார்த்தேன். கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது சேற்றுக் கோடு போய்விட்டது. அந்த உயரத்தில் அவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தேதி எழுதி வைத்திருக்கிறார். சீனி மூடையை இப்போது அந்தக் கோட்டுக்கு மேலே பரண் அடித்து வைக்கிறார்.